பச்சை விளக்குக்கு எத்தனை மார்க்?

'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலில் வரும் பச்சை விளக்கு எதைக் குறிக்கிறது என்று கேட்டால், ஆங்கில இலக்கியம் படிக்கும் எந்தப் பிள்ளையும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும்: நம்பிக்கை, அமெரிக்கக் கனவு. விளம்பரப் பலகையில் இருக்கும் கண்கள்? கடவுள். சாம்பல் மேடு? ஒழுக்கச் சீரழிவு. மஞ்சள் கார்? பேராசை. வெள்ளை உடை? போலித் தூய்மை. ஐந்து குறியீடு, ஐந்து வரி, ஐந்து மார்க். மிச்சம் இருப்பது புத்தகம் மட்டும்தான். அதைப் படித்தாக வேண்டும் என்று எந்தக் கைடும் சொல்வதில்லை.

முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இதற்குப் பெயர் இலக்கியப் படிப்பு இல்லை. எட்டாம் வகுப்பில் "பொருத்துக" என்று வருமே, அதுதான் இது. கொஞ்சம் பெரிய வார்த்தைகள் போட்டுப் பட்டப்படிப்பில் வைத்திருக்கிறார்கள். வேலையில் இருந்தபோது இதை ஸ்டாஃப் ரூமில் சொன்னால் "சாருக்கு வேற வேலை இல்லை" என்பார்கள். இப்போது நிஜமாகவே வேறு வேலை இல்லை. ஆகவே விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2013-ல் வந்த சினிமாவில் நம் அமிதாப் பச்சன் வுல்ஃப்ஷீம் என்ற சூதாட்டப் புள்ளியாகச் சில நிமிஷம் வந்துபோனார், நினைவிருக்கலாம். என் வயதுக்காரர்களுக்கு 1974-ன் ராபர்ட் ரெட்ஃபோர்டுதான் கேட்ஸ்பி. ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதி 1925 ஏப்ரல் 10-ம் தேதி வெளிவந்த நாவல். கதை நடப்பது 1922 கோடையில், நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில். வடக்கு டகோட்டாவின் ஏழை விவசாயக் குடும்பத்துப் பையன் ஜேம்ஸ் கேட்ஸ், பதினேழு வயதில் தன் பெயரை ஜே கேட்ஸ்பி என்று மாற்றிக்கொள்கிறான். பிற்பாடு கள்ளச்சாராயத்திலும் திருட்டுப் பத்திரங்களிலும் பணம் சேர்த்து மாளிகை வாங்குகிறான். எல்லாம் எதற்கு? ஐந்து வருஷத்துக்கு முன் காதலித்த டெய்சிக்காக. அவளோ டாம் புக்கனன் என்ற பரம்பரைப் பணக்காரனின் மனைவி. டாமுக்கு மர்டில் என்று ஒரு வைப்பு உண்டு, சாம்பல் மேட்டருகே கேரேஜ் வைத்திருக்கும் ஜார்ஜ் வில்சனின் மனைவி. முடிவில் மூன்று பேர் சாகிறார்கள். மர்டில், கேட்ஸ்பி, வில்சன். மூவருமே அடிமட்டத்திலிருந்து வந்தவர்கள். டாமும் டெய்சியும் பெட்டி படுக்கையோடு ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

முதலில் அந்தக் கண்களுக்கு வருவோம். டாக்டர் டி. ஜே. எக்கிள்பர்க் என்ற கண் மருத்துவர் வியாபாரத்துக்காக வைத்த பெரிய விளம்பரப் பலகை அது. மூக்கும் முகமும் கிடையாது, மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு ராட்சசக் கண்கள் மட்டும். பலகையை வைத்த டாக்டர் செத்தாரோ, ஊரை விட்டுப் போனாரோ, பெயின்ட் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. இவை கடவுளின் கண்கள் என்று நாவலில் யார் சொல்கிறார்? ஆசிரியர் சொல்லவில்லை, கதை சொல்லும் நிக் கேரவேயும் சொல்லவில்லை. ஜார்ஜ் வில்சன் சொல்கிறான். எப்போது? பெண்டாட்டி காரில் அடிபட்டுச் செத்த இரவு முழுக்கத் தூங்காமல், புத்தி பேதலித்து, விடியற்காலையில் ஜன்னல் வழியாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மைக்கேலிஸ் என்ற கிரேக்கப் பையன், அந்தச் சாம்பல் மேட்டோரம் காப்பிக் கடை வைத்திருப்பவன். அவன் உடனே சொல்கிற பதில்: அது விளம்பரம்.

இதைவிடத் தெளிவாக ஒரு நாவலாசிரியர் என்ன எழுத முடியும்? பலகையில் கடவுளைப் பார்ப்பது துக்கத்தில் நிலைகுலைந்த ஒரு மனிதனின் மயக்கம். போய் ஒப்பாரி வைக்க அவனுக்கு ஒரு கோயில் இல்லை. உனக்கென்று ஏதாவது சர்ச் உண்டா என்று மைக்கேலிஸ் கேட்கிறான், எதிலும் சேரவில்லை என்கிறான் வில்சன். அந்த வெறுமைதான் விளம்பரப் பலகையைக் கடவுளாக்குகிறது. நம் கைடு என்ன செய்கிறது? வில்சனின் மயக்கத்தை எடுத்து விடைக்குறிப்பாக்கிவிட்டு, மைக்கேலிஸின் பதிலை விட்டுவிடுகிறது. ராத்திரி முழுக்கக் கண் விழித்து, சொந்தமும் பந்தமும் இல்லாத ஒருவனுக்குத் துணையிருந்த அந்தக் காப்பிக் கடைக்காரனைக் "துணைப் பாத்திரம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். புத்தகத்தின் பிரபலமான அட்டைப்படத்தை, நீல வானத்தில் ஒரு பெண்ணின் கண்களும் உதடும் மிதக்குமே, அதை, ஃபிரான்சிஸ் கூகாட் என்ற ஓவியர் நாவல் எழுதி முடியும் முன்பே வரைந்துவிட்டார். அதைப் புத்தகத்துக்குள்ளேயே எழுதிச் சேர்த்துவிட்டதாகத் தன் எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு ஃபிட்ஸ்ஜெரால்ட் கடிதம் எழுதினார். ஒரு எழுத்தாளன் கையில் படிமம் வந்து சேரும் விதம் இதுதான். எங்கோ கண்ணில் பட்டது ஒட்டிக்கொள்கிறது, பிறகு கதைக்குள் ஒரு மனிதனின் பார்வையில் அர்த்தம் பெறுகிறது. அந்த மனிதனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பலகை.

சாம்பல் மேடும் அப்படித்தான். "ஒழுக்கச் சீரழிவு" என்று எழுதிவிட்டுப் போகிறார்களே, அது நிஜமாக இருந்த இடம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கொரோனா என்ற ஊர் (நமக்கு இப்போது பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும்). வீடுகளிலும் தொழிற்கூடங்களிலும் எரித்த நிலக்கரியின் சாம்பலை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து அங்கே மலை மலையாகக் கொட்டினார்கள். லாங் ஐலண்டிலிருந்து நகரத்துக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். 1939 உலகக் கண்காட்சிக்காக ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி அதை நிரவிப் பூங்காவாக்கினார். இன்று நாம் டிவியில் யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் பார்க்கிறோமே, ஃப்ளஷிங் மெடோஸ், அந்த இடம்தான். பணக்கார வீடுகளின் கதகதப்பு எரிந்து முடிந்தபின் மிஞ்சியது கொட்டப்படும் இடத்தில் வில்சன் குடியிருக்கிறான். அந்தத் தூசி அவன் தலைமுடியிலும் உடுப்பிலும் படிந்திருக்கிறது. இதில் சீரழிந்த ஒழுக்கம் யாருடையது? வில்சனுடையதா? நாவலில் உழைத்துச் சாப்பிட்டு, யாரையும் ஏமாற்றாமல் இருப்பவன் அவன். பெண்டாட்டி தன்னை ஏமாற்றுகிறாள் என்று தெரிந்ததும் உடம்புக்கே முடியாமல் படுத்துவிடுகிறான். சீரழிவை அவன் வீட்டு விலாசத்தில் எழுதி வைப்பது பெரிய அநியாயம்.

இப்போது மஞ்சள் கார். எனக்கு மிகவும் கோபம் வருவது இங்கேதான்.

மர்டில் ஏன் அந்தக் காரின் முன்னால் ஓடினாள்? கைடைக் கேட்டால் "பேராசை அவளை நசுக்கியது" என்று கவிதை பேசும். நாவலைக் கேளுங்கள். அன்று பகலில் எல்லோருமாக நகரத்துக்குக் கிளம்பும்போது டாம், கேட்ஸ்பியின் காரைத் தான் ஓட்டுகிறேன் என்று வாங்கிக்கொள்கிறான். வழியில் வில்சனின் கேரேஜில் பெட்ரோல் போட நிற்கிறான். வில்சன் பழைய கார் ஒன்றை டாமிடமிருந்து வாங்கி விற்று நாலு காசு பார்க்கலாம் என்று வெகுநாளாகக் கெஞ்சிக்கொண்டிருப்பவன். அவனிடம் டாம், இந்தக் கார் எப்படி, போன வாரம்தான் வாங்கினேன் என்று ஒரு பொய்யை வேடிக்கையாக வீசுகிறான். மாடி ஜன்னலிலிருந்து மர்டில் பார்க்கிறாள். டாம் இந்த மஞ்சள் காரில் வந்தான் என்பது அவள் மனசில் பதிகிறது. சாயங்காலம் அதே கார் திரும்பி வருகிறது. புருஷன் பூட்டி வைத்த வீட்டிலிருந்து தப்பி, டாம்தான் வருகிறான் என்று நினைத்துக் கையை ஆட்டிக்கொண்டு ஓடுகிறாள். ஓட்டி வந்தவள் டெய்சி. நிற்கவில்லை.

ஆக, ஒரு பணக்காரன் ஒரு ஏழையிடம் விளையாட்டுக்குச் சொன்ன பொய், இரண்டு கார்கள் கைமாறியது, ஒரு ஜன்னல், ஒரு பூட்டு. கோர்ட்டில் சாட்சியம் அடுக்குவதுபோல் ஃபிட்ஸ்ஜெரால்ட் அடுக்கி வைத்திருக்கிறார். அந்தக் கார் தடயப் பொருள், ஐயா! அதைத் தூக்கிக் "குறியீடு" என்ற அலமாரியில் வைத்தால், டாம் சொன்ன பொய் மறைகிறது, டெய்சி நிறுத்தாமல் போனது மறைகிறது. செத்தவளே குற்றவாளியாகிறாள். நிறத்தை வைத்துப் பட்டியல் போடுகிறவர்களுக்கு இன்னொரு தகவல்: கார் நிறம் என்னவென்று போலீஸ் முதலில் கேட்டபோது மைக்கேலிஸ் சொன்னது வெளிர் பச்சை. மஞ்சள் என்று சொன்னது பிறகு அங்கே வந்து நின்ற ஒரு கறுப்பினத்தவர். பச்சை என்றால் நம்பிக்கை, மஞ்சள் என்றால் பேராசை என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்களே, அவர்கள் இந்த இடத்தை எந்தக் கட்டத்தில் போடுவார்கள்?

அடுத்து வில்சனிடம் காரின் சொந்தக்காரர் யார் என்று சொல்லி அனுப்புகிறவனும் டாம்தான். வில்சன் போய்க் கேட்ஸ்பியைச் சுட்டு, தானும் சுட்டுக்கொள்கிறான். டாம் கடைசியில் நிக்கிடம் தானும் வேதனைப்பட்டதாகச் சொல்கிறான். எதற்கு அழுதானாம்? மர்டிலோடு இருந்த வாடகை ஃபிளாட்டைக் காலி செய்யப் போனபோது, அவளுக்கு வாங்கிக் கொடுத்த நாய்க்குட்டிக்கான பிஸ்கட் டப்பாவைப் பார்த்ததும் சின்னப் பிள்ளைபோல் அழுதானாம். ஒருகாலத்தில் அவள் மூக்கை ஒரே அறையில் உடைத்தவன். இந்த ஒரு நாய் பிஸ்கட்டில் டாமின் குணம் முழுவதும் இருக்கிறது. அவன் பொய்யாக அழவில்லை, நிஜமாகவே அழுதிருப்பான். தனக்காக அழுதான், அவ்வளவுதான். "டாம்: முரடன், திமிர் பிடித்தவன், பரம்பரைச் செல்வத்தின் குறியீடு" என்று எழுதும் கைடில் இந்தப் பிஸ்கட் டப்பாவை நான் பார்த்ததே இல்லை.

டாமைப் பற்றி இன்னொன்று. முதல் அத்தியாயத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வெள்ளை இனம் முழுகிவிடும், மற்ற இனங்கள் தலையெடுத்துவிடும் என்று ஏதோ புத்தகத்தில் படித்ததாக உளறுகிறான். லோத்ரப் ஸ்டோடார்ட் என்பவர் 1920-ல் எழுதிய நிஜப் புத்தகம் ஒன்றை மனதில் வைத்து ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதியது அது. கைடு இதை ஒரு வரியில் தாண்டும். நம்மால் தாண்ட முடியுமா? 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சீருடை போட்டவர், குடியுரிமை கேட்டபோது, நீ வெள்ளையன் இல்லை என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருஷம் ஆசியர்கள் குடியேறவே முடியாதபடி சட்டம் வந்தது. டாம் சாப்பாட்டு மேஜையில் பேசியது அன்றைய தேசத்தின் பேச்சு. ஆசிரியரும் இதில் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். யூதரான வுல்ஃப்ஷீமை அவர் வர்ணித்திருக்கும் விதம் முகம் சுளிக்க வைக்கும். அதையும் மாணவர்கள் முன்னால் வைத்துப் பேசத்தான் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது.

சரி, பச்சை விளக்கு. டெய்சி வீட்டுப் படகுத்துறையின் முனையில் எரியும் விளக்கு. வளைகுடாவின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்ஸ்பி அதை ராத்திரியில் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மொத்தம் ஒன்பது அத்தியாயம். ஐந்தாவதிலேயே டெய்சி அவன் பக்கத்தில் வந்து நிற்கிறாள்; உங்கள் வீட்டு விளக்கு ராத்திரி முழுக்க எரியும் என்று அவளிடமே சொல்லிவிடுகிறான். சொன்ன மாத்திரத்தில் அவனுக்கு அது சாதாரண விளக்காகிவிட்டது என்று நிக் எழுதுகிறான். பொருள் கையில் வந்ததும் மாயம் போய்விட்டது. பாதிக் கதையிலேயே அவிந்துபோன விளக்கு அது! கடைசிப் பக்கத்தில் நிக் அதை மறுபடியும் ஏற்றுகிறான், உண்மைதான். ஆனால் அப்போது கேட்ஸ்பி செத்துப்போயிருக்கிறான். டெய்சிதான் காரை ஓட்டினாள் என்ற உண்மை தெரிந்தும், அதை விசாரணையில் சொல்லாமல், டாமிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டவன் அந்த நிக். தான் பார்த்த வெகுசில நேர்மையான மனிதர்களில் தானும் ஒருவன் என்று ஆரம்பத்தில் பெருமையடித்துக்கொண்டவனும் அவன்தான். அப்படிப்பட்டவன் எழுதும் அழகான கடைசிப் பக்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதைக் கேள்வியாகக் கேட்டால் ஒரு மணி நேரம் வகுப்பு சூடாக நடக்கும். "விளக்கு என்றால் நம்பிக்கை" என்றால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவள் அம்மா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்தவர். மூன்றாம் அத்தியாயத்தில் கேட்ஸ்பி வீட்டு விருந்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, பின்பெஞ்சிலிருந்து எழுந்து கேட்டாள்: "சார், மறுநாள் அந்த இடத்தையெல்லாம் யார் சார் கூட்டினது?"

வகுப்பு சிரித்தது. நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பதில் அங்கேயே இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் எட்டு வேலையாட்கள், கூடுதலாக வரவழைத்த தோட்டக்காரர் உட்பட, விளக்குமாறும் சுத்தியலும் தோட்டக் கத்தரியுமாக, முந்தின ராத்திரி நடந்த நாசத்தைப் பகல் முழுக்கச் சரி செய்கிறார்கள். அடுத்த வரியில் ஆரஞ்சுப் பழம். வெள்ளிக்கிழமை ஐந்து கூடை ஆரஞ்சும் எலுமிச்சையும் வரும். திங்கட்கிழமை அதே பழங்கள் சாறில்லாத தொலிக் குவியலாகப் பின்வாசல் வழியே போகும். அரை மணியில் 200 ஆரஞ்சுக்குச் சாறு பிழியும் மெஷின் சமையலறையில் இருக்கிறது. ஆனால் ஒரு பட்லரின் கட்டை விரல் அந்தப் பொத்தானை 200 தடவை அழுத்த வேண்டும். அந்தக் கட்டை விரலை எழுதியிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் ஃபிட்ஸ்ஜெரால்ட் பெரிய எழுத்தாளர். பணம் என்றால் என்ன, அது எப்படி நடக்கிறது என்பதற்கு எந்தப் பச்சை விளக்கும் இதன் பக்கத்தில் வர முடியாது. முடிவில் நிக் டாமையும் டெய்சியையும் பற்றிச் சொல்வதும் இதே சங்கதிதான்: உடைப்பது அவர்கள், பெருக்குவது அடுத்தவர்கள். மண்டபத்தில் பாத்திரம் கழுவியவரின் மகள் மூன்றாம் அத்தியாயத்திலேயே அதைப் பிடித்துவிட்டாள்.

அவள் தேர்விலும் அதை எழுதினாள். கேள்வி, நாவலில் குறியீடுகள் பற்றி. ஆரஞ்சுத் தொலியையும் கட்டை விரலையும் திங்கட்கிழமையையும் பற்றி இரண்டரைப் பக்கம், தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். 15-க்கு 4. ஓரத்தில் சிவப்பு மையில், பச்சை விளக்கும் கண்களும் எங்கே என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பு. திருத்தியவர் யாரோ, தெரியாது. விடைக்குறிப்பில் உள்ளபடி திருத்தியிருப்பார். தினமும் கட்டுக் கட்டாகத் திருத்தும் முகாமில் அவருக்கு வேறு வழி இல்லாமலும் இருந்திருக்கலாம். என் சண்டை அந்தக் குறிப்பைத் தயாரித்த மனப்பான்மையோடு.

இதற்கு ஒரு பதில் எப்போதும் வரும். நல்ல நண்பர்களே சொல்லியிருக்கிறார்கள். "நம்ம பிள்ளைங்க வீட்டில் முதல் பட்டதாரிங்க, சார். நாவல் முழுக்க ஆங்கிலத்தில் படிக்கச் சொன்னால் பயந்துடுவாங்க. கைடு அவங்களுக்கு ஊன்றுகோல்." கேட்க இரக்கமாக இருக்கிறது. எனக்கு இதில் இரக்கத்தைவிட அலட்சியம்தான் அதிகம் தெரிகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம், இவர்களுக்குப் பொழிப்புரையா? அதுவும் இந்த நாவலை? பழைய பெயரை உதறிவிட்டுப் புதுப் பெயர் வைத்துக்கொண்ட ஏழைப் பையனை, பணக்காரர்கள் நடுவில் எந்தச் சட்டை போட்டாலும் கண்டுபிடித்துவிடுகிறார்களே என்ற தவிப்பை, இவர்களைவிட யார் புரிந்துகொள்ளப் போகிறார்கள்? கடைசியில் மின்னசோட்டாவிலிருந்து கேட்ஸ்பியின் அப்பா வருகிறாரே, மகன் வாங்கிய மாளிகையின் போட்டோவை, பல கைகள் பட்டு அழுக்கேறி மூலைகள் வெடித்துப்போனதை, பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறாரே, மகன் சின்ன வயதில் ஒரு புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்த தினசரி அட்டவணையைப் பெருமையாகப் படிக்கிறாரே, அந்தப் பக்கத்தை நான் வகுப்பில் வாசிக்கும்போது பிள்ளைகள் யாரும் சிரித்ததில்லை. நூற்றுக்கணக்கில் விருந்துக்கு வந்தவர்களில் சாவுக்கு வந்தது ஒரே ஒருவன். அங்கேயே மாதக்கணக்கில் தங்கித் தின்ற ஒருத்தன் போன் செய்து, விட்டுப்போன டென்னிஸ் ஷூவை அனுப்பச் சொல்கிறான். டெய்சியிடமிருந்து ஒரு பூ வரவில்லை. இதற்கெல்லாம் கைடு வேண்டுமா?

குறியீடே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் தெரிந்தேதான் விளக்கையும் கண்களையும் வைத்தார். ஆனால் யார் பார்க்கிறார், எப்போது பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்ட பிறகுதான் அதற்கு அர்த்தம். என்னைக் கேள்வித்தாள் தயாரிக்கச் சொன்னால், டாம் அந்தக் காரைத் தன்னுடையது என்று ஏன் சொன்னான் என்று ஒரு கேள்வி வைப்பேன். மைக்கேலிஸ் அன்று ராத்திரி ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று இன்னொன்று. இரண்டுக்கும் கைடில் பதில் கிடையாது. புத்தகத்தில் உண்டு.

உங்கள் வீட்டில் பேரனோ பேத்தியோ ஆங்கில இலக்கியம் படித்தால், பரீட்சைக்கு முந்தின நாள் கைடு கேட்பார்கள். வாங்கிக் கொடுத்துவிடுங்கள், மார்க்கும் வேண்டும்தானே. ஆனால் அமெரிக்காவில் 2021 ஜனவரி 1 முதல் இந்த நாவலுக்குக் காப்புரிமை கிடையாது. நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. சின்னப் புத்தகம், லீவு நாள் இரண்டு போதும். மூன்றாம் அத்தியாயத்தை உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். திங்கட்கிழமை யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று கேளுங்கள்.